பாக்கெட் போர்க் ரைண்ட்ஸும் கேஜன் கிராக்லினும் ஒண்ணா?

அடுத்த கேள்வி, ஹூஸ்டன்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். "அண்ணா, லூசியானா வீடியோவுல கார்ல உட்கார்ந்து நறுக்கு நறுக்குன்னு கடிச்சீங்களே, அது பெட்ரோல் பங்க்ல பாக்கெட்ல விக்கிற போர்க் ரைண்ட்ஸ்தானே? அதுக்கு எதுக்கு மூணு மணி நேரத்துக்கு மேல வண்டி ஓட்டணும்?"

முதல் தடவை போறப்ப நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா நான் கார்ல கடிச்சது கேஜன் கிராக்லின். ரெண்டும் வேற, தம்பி. பாக்கெட்ல வர்ற போர்க் ரைண்ட்ஸ் வெறும் பன்னித் தோல். கொழுப்பை எடுத்துட்டு, நல்லா காய வச்சு, சூடான எண்ணெயில போட்டா புஸ்ஸுன்னு உப்பிடும். நம்ம வத்தல் பொரிக்கிற கதைதான். கடிச்சா பாதி காத்து.

கேஜன் கிராக்லின்ல தோல், கொழுப்பு, கறி மூணும் பிரியாம ஒரே துண்டா இருக்கும். பன்னியோட வயித்துப் பக்கத்துக் கறியை தோலோட துண்டு போட்டு, பெரிய இரும்புச் சட்டியில ஒரு மணி நேரத்துக்கு மேல மெதுவா வேக விடுவாங்க. கொழுப்பு உருகி, அந்தக் கொழுப்புலயே கறி பொரியும். அப்புறம் எடுத்து ஆற வச்சு, சூட்டை நல்லா ஏத்தி ரெண்டாவது தடவை போடுவாங்க. அப்பத்தான் தோல் கொப்புளம் கொப்புளமா வெடிக்கும். எடுத்த கையோட, எண்ணெய் சொட்டச் சொட்ட உப்பு, சிவப்பு மிளகாத்தூள், மிளகு, பூண்டுத்தூள் கலந்த பொடியைத் தூவிக் குலுக்குவாங்க. ஆறினப்புறம் தூவினா பொடி ஒட்டாது.

இந்தக் கேஜன்காரங்க யாருன்னா, கனடாவோட கிழக்குக் கரையில இருந்த பிரெஞ்சுக்காரங்க. 1755ல இருந்து பிரிட்டிஷ்காரன் அவங்களைத் துரத்துனான். அதுல ஒரு பகுதி ஜனம் லூசியானா வந்து சேர்ந்துச்சு. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்துல அக்கம்பக்கத்துக்காரங்க கூடி ஒரு பன்னியை வெட்டிப் பங்கு போட்டுக்குவாங்க. அதுக்குப் பேரு பூஷ்ரி. சமையலுக்குக் கொழுப்பு உருக்குறப்ப சட்டியில மிஞ்சினதுதான் இந்தக் கிராக்லின். இப்ப போர்ட் பாரிங்கிற சின்ன ஊர்ல வருஷா வருஷம் இதுக்குன்னே திருவிழா நடக்குது, பாருங்க.

எந்தக் கடைன்னு நிறைய பேர் கேக்குறீங்க. ஹூஸ்டன்ல இருந்து இன்டர்ஸ்டேட் 10 ஹைவேல கிழக்கால போனா, லூசியானாவுல லாஃபயட் நகரத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே ஸ்காட்ங்கிற ஊர் வரும். அங்க கறிக்கடைகள் வரிசையா இருக்கு. ஆனா கடை பேரை விட நேரம்தான் முக்கியம்னு நான் சொல்வேன். உள்ள போனதும் "இப்ப இறக்குனதா?"ன்னு கேளுங்க. "இன்னும் பத்து நிமிஷம் ஆகும்"னா நின்னு வாங்குங்க. சட்டியில இருந்து வந்ததை பிரவுன் பேப்பர் பையில போட்டுத் தருவாங்க. வண்டி வரைக்கும் நடக்குறதுக்குள்ள பையில எண்ணெய் ஊறி, வெளியில இருந்தே துண்டு தெரியும். ஒரு பவுண்டு கேட்டுடாதீங்க, ரெண்டு பேருக்கு அரை பவுண்டே தாராளம்.

நான் ஒரு தடவை ஆசைப்பட்டு நிறைய வாங்கி, பிளாஸ்டிக் கவர்ல இறுகக் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மறுநாள் செருப்புத் தோல். உள்ள அடைஞ்ச ஆவி வேலையைக் காட்டிடுச்சு. கொண்டு வந்தே ஆகணும்னா பேப்பர் பையிலயே, வாயைத் திறந்து வச்சுக் கொண்டு வாங்க. வீட்டுல ஏர் ஃபிரையர்ல ரெண்டு மூணு நிமிஷம் காட்டுங்க. மைக்ரோவேவ் பக்கமே போகாதீங்க.

ஆங், பூடான் பத்தியும் ஒரு அக்கா கேட்டிருக்காங்க. பூடான்னதும் நாடுன்னு நெனச்சுக்காதீங்க! சோறு, பன்னிக்கறி, ஈரல், வெங்காயத்தாள் எல்லாம் சேர்த்து குடல்ல அடைச்சு வேக வைக்கிறது. 2012ல ஸ்காட்டை உலகத்தோட பூடான் தலைநகர்னே லூசியானா சட்டசபை அறிவிச்சுச்சு. அதே கலவையை உருண்டை பிடிச்சு, ரொட்டித்தூள்ல புரட்டிப் பொரிச்சும் தருவாங்க. பூடானோட மேல் தோலை முழுங்கணுமான்னு கேட்டீங்க இல்லக்கா, தேவையில்ல. ஒரு முனையைக் கடிச்சு, பற்பசை பிதுக்குற மாதிரி பிதுக்கிச் சாப்பிட்டுட்டு தோலைப் போட்டுடுங்க. அங்க நிறைய பேர் அப்படித்தான், பார்க்கிங்ல நின்னுக்கிட்டே சாப்பிடுறாங்க.