தண்ணீர்க்குழி தாண்டிய சிப்பாய்

(பாலாற்றங்கரைப் பள்ளி ஒன்றின் விளையாட்டு விழாவில் பேசியது)

தலைமையேற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அய்யா அவர்களே, வார்டு உறுப்பினர் அம்மா அவர்களே, பந்தல் உபயம் செய்த அரிசி மண்டி அண்ணாச்சி அவர்களே, பரிசு கொடுக்க வந்திருக்கும் கம்மவான்பேட்டை முன்னாள் ராணுவத்தினரே! வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. உங்களுக்கு ஒரு கும்பிடு போதாது. சால்வைக்கு நன்றி. வேலூர் வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு பேசுவதுதான் கஷ்டம்.

ஸ்டீபிள்சேஸ் ஓட்டக்காரர் அவினாஷ் சாப்ளேவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்கிறேன்: அவர் ஓட்டம், அவர் பயிற்சி, அவர் சாப்பாடு.

முதலில் ஓட்டம். ஸ்டீபிள்சேஸ் என்பது தடை தாண்டி ஓடும் 3000 மீட்டர் பந்தயம். வழியில் மூன்றடி உயரத் தடுப்புகளை 28 முறை தாண்ட வேண்டும். மோதினால் தடுப்பு விழாது, நாம்தான் விழுவோம். அது போக 7 முறை தண்ணீர்க்குழி. பன்னிரண்டு அடி நீளம். தடுப்பை ஒட்டி ஆழம் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. எட்டிக் குதித்தவனுக்குக் கணுக்கால் நனையும், பயந்து பக்கத்தில் குதித்தவன் முழங்காலோடு போராடுவான். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று நம் பாட்டிமார் சொன்னது இந்தப் பந்தயத்துக்கும் பொருந்தும்.

சாப்ளே மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக்காரர். அதுவும் வறட்சிச் சீமைதான். பன்னிரண்டாவது முடித்துப் பட்டாளத்தில் சேர்ந்தார், சியாச்சின் பனியில் நின்றார். ஸ்டீபிள்சேஸுக்கு வந்ததே அப்புறம்தான். 1981-இல் கோபால் சைனி வைத்த தேசிய சாதனையை 2018-இல் உடைத்தார். அதே 1981-இல்தான் மூலவர் இல்லாமல் கிடந்த நம் வேலூர்க் கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்தார், ஞாபகம் இருக்கிறதா? 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் 0.05 வினாடியில் தங்கம் கைநழுவி வெள்ளி. காமன்வெல்த் ஸ்டீபிள்சேஸில் கென்யர் அல்லாத ஒருவர் பதக்கம் வாங்கியது 1994-க்குப் பிறகு அப்போதுதான். அடுத்த ஆண்டு ஹாங்சோவில் ஆசியத் தங்கம். 2024-இல் பாரிஸ் டயமண்ட் லீக் போட்டியில் 8 நிமிடம் 9.91 வினாடியில் ஓடித் தன் தேசிய சாதனையையே மறுபடி உடைத்தார்.

அந்தத் தண்ணீர்க்குழியை டிவியில் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாலாறுதான் ஞாபகம் வரும். எங்கள் டிரில் மாஸ்டர் விருதம்பட்டுக் கரையிலிருந்து அக்கரைக்கு மணலில் ஓடவிடுவார். ஒரு நாள் ஒருத்தன் முன்னால் பார்க்காமல் ஓடி, ஒரு அம்மா ஊற்றுத் தோண்டி, தண்ணீர் தெளியட்டும் என்று காத்திருந்த குழியில் தொபுக்கென்று விழுந்தான். ஒரு மணி நேரக் காத்திருப்பு கலங்கிப்போனது! அந்தம்மா விடுமா? “அடப்பாவி, எம் பிள்ளைங்க தண்ணிடா!” என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு துரத்தினாள். இவன் எங்கள் எல்லாரையும் தாண்டிப் பறந்தான். மாஸ்டர் விசிலை வாயில் வைத்தபடி சிரிக்கிறார். பரிசு இவனுக்குத்தான், தட்டை வாங்கும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்தான், குடம் வருகிறதா என்று. பிறகு பட்டாளத்தில் சேர்ந்தான். ஆள் எடுப்பில் 1600 மீட்டர் ஓடச் சொன்னபோது, மணலில் ஓடிய காலுக்கு அது பெரிதாகத் தெரியவில்லையாம்.

இன்று அந்த மணல் எங்கே? லாரியில் போய்விட்டது. மிச்சம் இருப்பது பள்ளமும் சீமைக் கருவேலமும்தான். தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொன்னது. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் போய்க் கிணற்றை எட்டிப் பாருங்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள். இங்கே ஆழம் தெரிகிற அளவுக்குத் தோண்டிவிட்டார்கள், கால் வைக்கத் தண்ணீர்தான் இல்லை. 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தோம். அந்தத் தண்ணீர் கடலுக்குப் போய்விட்டது.

பயிற்சி, சாப்பாடு பற்றிச் சொல்ல நேரமில்லை. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மேடைக்குப் பக்கத்து மேஜையில் மனு இருக்கிறது: பாலாற்றில் மணல் அள்ளக் கூடாது, தடுப்பணைகள் கட்ட வேண்டும் என்று கலெக்டருக்கு. பெரியவர்கள் கையெழுத்துப் போடுங்கள், பேனா நான் கொண்டு வந்திருக்கிறேன். 800 மீட்டர் பிள்ளைகள் கோட்டுக்குப் போகலாம்.