மணல் எப்போது கிளம்பும்?

ஆற்று மணலைத் தள்ளுவது மேலே நுரைத்து ஓடும் வேகம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் தள்ளுவது, அடித்தரையில் தண்ணீர் உரசும் விசை. அதைக் கணக்கிடுவது சுலபம். நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், ஆழம், சரிவு நான்கையும் பெருக்குங்கள். சரிவு 2,000-க்கு 1, ஆழம் 1 மீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 4.9 நியூட்டன். 1 மில்லிமீட்டர் மணல் அசைய அரை நியூட்டனுக்குச் சற்று மேல் போதும். அதாவது, அந்தச் சரிவில் 12 சென்டிமீட்டர் தண்ணீர் ஓடினாலே மணல் கிளம்பிவிடும்! மணல் மணியின் அளவுக்கும் இந்த விசைக்கும் உள்ள உறவை 1936-இல் ஷீல்ட்ஸ் என்ற பொறியாளர் வரைபடமாக்கினார். கூழாங்கல்லுக்கு விசை கூடுதலாக வேண்டும், சரி. இறுகிய களிமண்ணுக்கும் அப்படித்தான். துகள் பொடிதான், ஆனால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும்.

கிளம்பிய மணி உருளும், தத்தும். ஓட்டம் வலுத்தால் மிதந்தே போகும். படுகையில் மணல் அலைகள் எழும். மணிகள் மேட்டின் சாய்வான முதுகில் ஏறி, உச்சி தாண்டிச் செங்குத்தான பக்கம் சரிந்து விழும். மேடே மெல்லக் கீழ்நோக்கி நகரும். அதனால், எவ்வளவு மணல் நகர்கிறது என்று அளக்க, அதைப் பிடிக்கும் கூண்டை ஆற்றில் இறக்குகிறவர்கள் ஒரே இடத்தில் ஒருமுறை அளந்துவிட்டு வரக்கூடாது. உச்சியில் வைத்தால் அள்ளிக்கொண்டு வரும், பள்ளத்தில் வைத்தால் காலியாக வரும். வேகமாக இறக்கினால் கூண்டின் வாயே தரையைக் கோரிவிடும்.

மணல் அள்ளிய குழியில் என்ன நடக்கிறது? குழியின் மேல்விளிம்பில் சரிவு திடீரெனக் கூடுகிறது. அந்த விளிம்பு அரிந்து அரிந்து ஆற்றின் மேற்புறம் நோக்கி ஏறுகிறது. வந்த மணல் குழிக்குள்ளேயே தங்கிவிட, வெறுங்கையோடு வெளியேறும் தண்ணீர் கீழ்ப்புறப் படுகையைத் தோண்டுகிறது. அணைக்குக் கீழேயும் இதே கதைதான். பள்ளம் ஓரிடத்தில், சேதம் இருபுறமும். குழியைப் பாலத்துக்கு மேலே வெட்டினாலும் கீழே வெட்டினாலும் தப்பில்லை என்று வாதிடுவோர் இதைக் கவனிப்பதில்லை.

பாலத் தூணுக்குத் தனி ஆபத்து உண்டு. தூணின் முகத்தில் மோதும் தண்ணீர் கீழ்நோக்கிப் பாய்ந்து, சுழன்று, அடியைக் குடைகிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சி கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளம் வடியும்போது குழி மணலால் மூடிக்கொள்ளும். கோடையில் போய் அளப்பவருக்குப் படுகை சமமாகத் தெரியும்; நிம்மதியாக அறிக்கை எழுதிவிடுவார். ஆகவே வெள்ளத்தின்போதே ஆழம் பார்க்க வேண்டும். முடியாவிட்டால், தூணருகே இரும்புச் சங்கிலியைச் செங்குத்தாகப் புதைத்து வையுங்கள். வெள்ளம் போனபின் தோண்டிப் பாருங்கள். எந்த ஆழத்தில் சங்கிலி மடங்கிப் படுத்திருக்கிறதோ, அதுவரை மணல் போய்த் திரும்பியிருக்கிறது.