நொறுங்கத் தின்றால் நூறு வயது

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்து வாழ்த்திப் பேசிய சுகாதார அலுவலர் ஐயா அவர்களே, என்னை இந்த மேடைக்கு அழைத்தே தீருவேன் என்று மூன்று மாதமாக விடாமல் நின்ற பெற்றோர் சங்கச் செயலாளர் அவர்களே, பெற்றோர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். சுகாதார அலுவலர் ஐயா தடுப்பூசி பற்றிச் சொன்ன செய்திகள் மிக அருமை. நான் சொல்லப் போவதில் பாதிக்கு அவரே அடித்தளம் போட்டுவிட்டார், அவருக்கு என் தனி நன்றி.

எனக்குத் தந்த தலைப்பு, உணவிலுள்ள சத்துகளும் உடல் அவற்றைப் பயன்படுத்தும் விதமும். சத்துகள் ஆறு: மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, வைட்டமின், தாது உப்பு, தண்ணீர். ஆறையும் வரிசையாகப் பார்த்துவிடலாம். அதற்கு முன் ஒரு பழமொழி. நொறுங்கத் தின்றால் நூறு வயது. என் பாட்டி சொன்னது. நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பிறகு, உணவைப் பற்றி இதைவிடப் பெரிய வாக்கியம் எனக்குத் தெரியவில்லை.

மாவுச்சத்தின் செரிமானம் வாயிலேயே தொடங்குகிறது. உமிழ்நீரில் அமைலேஸ் என்ற நொதி, அதாவது உணவை உடைக்க உதவும் பொருள், இருக்கிறது. நாம் மென்றுகொண்டிருக்கும்போதே அது மாவை வெட்டிச் சர்க்கரையாக்கத் தொடங்கும். மிச்ச வேலை சிறுகுடலில் முடிந்து, குளுக்கோஸாக இரத்தத்தில் சேரும். இன்சுலின் அதைச் செல்களுக்குள் அனுப்பும். உடனே தேவைப்படாததில் ஒரு பங்கு கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேமிப்பில் இருக்கும். மூளையின் எடை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வாக இருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பாருங்கள்.

அடுத்தது புரதம். இதற்கு ஒரு கதை சொல்லியாக வேண்டும்.

1822 ஜூன் மாதம். அமெரிக்காவில் மக்கினாக் என்று ஒரு தீவு. அங்கே ஒரு கடைக்குள் தவறுதலாகத் துப்பாக்கி வெடித்து, அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடாக்காரரின் வயிற்றைக் கிழித்துவிட்டது. பிழைக்க மாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வில்லியம் போமான்ட் என்ற இராணுவ மருத்துவர் பிழைக்க வைத்துவிட்டார். புண் ஆறியது, ஆனால் ஓட்டை மூடவில்லை. இரைப்பைக்கு வெளியிலிருந்தே ஒரு வாசல்! போமான்ட் என்ன செய்தார் தெரியுமா? 1825 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நண்பகல், இறைச்சித் துண்டுகள், பழைய ரொட்டி, பச்சை முட்டைக்கோசு எல்லாவற்றையும் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியே உள்ளே இறக்கினார். ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தார். ரொட்டியும் கோசும் பாதி செரித்திருந்தன, இறைச்சி அப்படியே இருந்தது. திரும்ப இறக்கினார். இன்னும் ஒரு மணி நேரம். இப்போது ரொட்டி, கோசு, பன்றி இறைச்சி, வேகவைத்த மாட்டிறைச்சி நான்கும் நூலில் இல்லை! இப்படியே வருடக்கணக்காகப் பார்த்து, 1833-இல் 238 சோதனைகளை வெளியிட்டார். அவர் கண்ட முடிவுகளில் ஒன்று: உணவு எவ்வளவு பொடியாக இருக்கிறதோ அவ்வளவு எளிதாகச் செரிக்கும். என் பாட்டி சொன்ன அதே விஷயம். நொறுங்கத் தின்றால் நூறு வயது. வயிற்றில் ஓட்டையோடு செயின்ட் மார்ட்டின் 1880 வரை வாழ்ந்தார், மருத்துவரோ 1853-லேயே போய்விட்டார்.

சரி, புரதம். இரைப்பையின் அமிலமும் பெப்சின் என்ற நொதியும் அதை உடைக்கின்றன, சிறுகுடல் அதை அமினோ அமிலங்களாக, அதாவது புரதம் கட்டப்பட்டிருக்கும் சின்னத் துண்டுகளாக, பிரித்து முடிக்கிறது. புரதங்களுக்கு வேண்டிய 20 வகை அமினோ அமிலங்களில் 9-ஐ நம் உடலால் செய்துகொள்ள முடியாது, உணவிலிருந்துதான் வரவேண்டும். கொழுப்புக்கு இருப்பது போல இதற்குத் தனிச் சேமிப்புக் கிடங்கும் கிடையாது. ஆகவே வளரும் பிள்ளைக்கு அன்றாடம் வேண்டும்.

கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி தரும், மாவுச்சத்தும் புரதமும் 4. கொழுப்பு தண்ணீரோடு கலக்காது அல்லவா? பித்தநீர் அதைச் சின்னச் சின்னத் துளிகளாக உடைத்துக் கொடுத்தால்தான் நொதிக்குப் பிடி கிடைக்கும். பாருங்கள், உடலே நொறுக்கும் வேலையைச் செய்கிறது! ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உள்ளே சேரவும் இந்தக் கொழுப்பின் துணை வேண்டும்.

மற்ற வைட்டமின்கள், தாது உப்பு, தண்ணீர் மூன்றுக்கும் நேரம் இல்லை, மன்னிக்கவும். ஏனென்றால் நான் இங்கே வந்த காரணத்தைச் சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் மதிய இடைவேளை 25 நிமிடம். கை கழுவ வரிசை, தண்ணீருக்கு வரிசை, மிஞ்சுவது 10 நிமிடம். பிள்ளைகள் மென்று நான் பார்த்ததில்லை, விழுங்கித்தான் பார்த்திருக்கிறேன். வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குத் தெளிவாக எட்டவே 20 நிமிடம் போல ஆகிறது. வயிற்றுக்குப் பல் கிடையாது. நாம் எவ்வளவு நல்ல சாப்பாடு கட்டிக் கொடுத்தாலும், அதை மெல்ல நேரம் கொடுக்காவிட்டால் என்ன பயன்?

மதிய இடைவேளையைக் குறைந்தது 45 நிமிடமாக்க வேண்டும், அதில் உட்கார்ந்து சாப்பிட 30 நிமிடம் தனியாக ஒதுக்க வேண்டும். இதுதான் எங்கள் கோரிக்கை. தலைமையாசிரியர் அம்மா முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார்கள். மேடைக்கு வலப்பக்க மேசையில் மனுவும் பேனாவும் இருக்கின்றன. போகும்போது எல்லோரும் ஒரு நிமிடம் அங்கே நின்றுவிட்டுப் போங்கள்.