சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்

(முள்ளியவளையில் நடந்த பட்டிமன்றம். "நாவலுக்கு உயிர் கொடுப்பது எழுத்தாளரின் வாழ்வனுபவமா, கற்பனையா?" அனுபவ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் ஐயாவுக்கும், எதிரணியில இருக்கிற அண்ணைமாருக்கும் அக்காவுக்கும், நாளைக்கு வெள்ளாப்பில வயலுக்குப் போக வேணும் எண்டாலும் இந்த நேரம் வரைக்கும் பாயில குந்தியிருக்கிற என்ரை ஊர்ச் சனத்துக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் அண்ணை கல்கியைக் கொண்டுவந்து எங்களுக்கு முன்னால நிறுத்தினார். "ஆயிரம் வருசத்துக்கு முந்தின சோழரோடை கல்கி சீவிச்சவரோ?" எண்டு கேட்டார். கைதட்டல் நல்லாத்தான் விழுந்தது. அண்ணை, சோழரோடை சீவிக்கேல்லை, காவிரியோடை சீவிச்சவர். 1899 இல, மாயவரத்துக்குப் பக்கத்தில புத்தமங்கலத்தில பிறந்த மனிசன். பொன்னியின் செல்வன் எங்கை தொடங்குது? ஆடிப்பெருக்கு அண்டு, வீரநாராயண ஏரிக்கரையில. தண்ணி வாற நாளில சனத்தின்ரை முகம் எப்பிடி இருக்கும் எண்டதைக் கல்வெட்டில படிக்க ஏலாது. இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாயுது எண்டால் பிள்ளையளைச் சைக்கிளில ஏத்திக்கொண்டு ஓடுற உங்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை.

கிட்ட வாறன். நிலக்கிளி நாவல். எழுதின அ. பாலமனோகரன் தண்ணீரூற்றுக்காரர், இங்கையிருந்து கூப்பிடு தூரம். 1973 இல வீரகேசரி புத்தகமாப் போட்டது. கதை நடக்கிறது தண்ணிமுறிப்பில. நிலக்கிளி உயரப் பறக்காது, நிலத்தோடை இருக்கிற பொந்தில சீவிக்கும், லேசாப் பிடிபட்டுப் போகும். பதஞ்சலி எண்ட காட்டோரப் பெட்டைக்கு அந்தப் பறவையை ஒப்பு வைக்க வேணுமெண்டால், முதல்ல அந்தப் பொந்தைக் கண்ட கண் வேணும். வெறுங் கற்பனையை நம்பியிருந்தால் கிளி நேரை ஆண்டாளின்ரை தோளிலதான் போய்க் குந்தியிருக்கும்.

இன்னொரு கதையும் படிச்சனான். போட்டியில பரிசு வாங்கின கதை, பேர் வேண்டாம். அதில ஒரு வன்னி விவசாயி ஐப்பசி மழைக்குள்ளை காலபோக நெல்லை வெட்டிச் சூடு அடிக்கிறார்! நீங்கள் சிரிக்கிறியள், அங்கை நடுவர்மார் பரிசு குடுத்திட்டினம். எங்கடை நடுவர் ஐயாவைச் சொல்லேல்லை. ஐப்பசியில நாங்கள் காலபோகத்துக்கு விதைச்சுப்போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டெல்லோ இருப்பம்?

எதிரணி அக்கா, தாமரைச்செல்வி எழுதின உயிர்வாசம் நாவலை எடுத்தா. "அவுஸ்திரேலியாவுக்குப் படகில போன சனத்தின்ரை கதை. அவ அந்தப் படகில ஏறினவவோ?" இது எனக்கும் கொஞ்சம் உறைச்சது. ஆனால் அக்கா, அவ பரந்தன் குமரபுரத்தவ. காடு வெட்டிக் குடியேறின சனத்தைப் பற்றிப் பச்சை வயல் கனவு எண்ட நாவலை எழுதினவ. கடலைப் பற்றி ஆரிட்டையும் கேட்டு அறியலாம். ஊரை விட்டு வெளிக்கிடுறவன் கடைசியா எதைத் திரும்பிப் பார்ப்பான் எண்டதைப் பரந்தன்காரிக்குப் படகோ சொல்லிக்குடுக்க வேணும்?

2008 இல நாங்கள் கிளிநொச்சியால வெளிக்கிட்ட நாள். ட்ராக்டர் பெட்டியில கூரைத் தகரம், நெல்லு மூட்டை, ரெண்டு ஆட்டுக்குட்டி. ஷெல் சத்தம் கிட்ட வருகுது, ட்ரைவர் கத்துறார், அம்மாவைக் காணேல்லை. பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தால் அவ முற்றம் கூட்டிக்கொண்டு நிக்கிறா. வேப்பஞ்சருகைக் குவிச்சு அள்ளி, வழக்கமாக் கொட்டுற கிடங்கில கொட்டி, விளக்குமாத்தைச் சுவரில சாத்தி வைச்சிட்டுத்தான் வந்து ஏறினா. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இதை இருந்த இடத்தில யோசிச்சு எழுதுறவர், அவவை வாசல் நிலையைக் கட்டிப்பிடிச்சு அழ வைச்சிருப்பார். அழுகை ஆருக்கும் தோன்றும் ஐயா. விளக்குமாறு தோன்றாது.

"அனுபவம் போதுமெண்டால் இடம்பெயர்ந்த சனம் முழுக்க நாவலாசிரியரோ?" எண்டும் கேட்டினம். சட்டியில இருந்தால்தான் அகப்பையில வரும். அகப்பை வேண்டாமெண்டு நாங்கள் சொல்லேல்லை. எதிரணிதான் வெறுஞ்சட்டிக்குள்ளை அகப்பையை விட்டுச் சத்தம் காட்டுது.

மணி அடிச்சிட்டினம். அடுத்துப் பேச வாற எதிரணித் தம்பியிட்டை ஒரேயொரு கேள்வி. நெல்லில குடலைப் பருவம் எண்டால் என்ன? போனைப் பார்க்காமல், கற்பனையில சொல்லட்டும். சரியோ பிழையோ எண்டு பின்வரிசையில இருக்கிற அப்பு சொல்லுவார்.