பல்சார் அலையைத் திருப்பும் பிளாஸ்மா

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஓட்டு வீட்டுக் கூரைகளில் பழைய டிவி ஆன்டெனாவைப் பார்த்திருப்பீர்கள். குழாய்கள் படுக்கைவாட்டில் இருக்கும். நட்டுக்குத்தலாகத் திருப்பினால் படம் புள்ளி புள்ளியாகிவிடும். வந்து சேரும் அலையின் மின்புலம் படுக்கையாக அதிர்வதுதான் காரணம். இப்படி ஒரு திசையில் அதிர்வதை முனைவாக்கம் என்கிறோம்.

பல்சார் என்பது வேகமாகச் சுழன்றபடி துடிப்புத் துடிப்பாக ரேடியோ அலை அனுப்பும் விண்மீன். அந்த அலைக்கும் இது உண்டு. சென்னையில் பிறந்த வானியலாளர் வி. ராதாகிருஷ்ணனும் குக் என்பவரும் 1969-ல் வேலா என்ற பல்சாரை ஆராய்ந்தார்கள். 89 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வரும் அதன் துடிப்புக்குள் அதிர்வுத் திசை சீராகத் திரும்பியது. விண்மீனின் காந்தமுனை நம் பார்வையைக் கடந்து போவதன் தடயம் அது.

எல்லாப் பல்சார்களும் இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. சிலவற்றில் திசை திடீரென 90 பாகை தாவும். கருவிக் கோளாறு என்று எடுத்தவுடன் முடிவுகட்டிவிடாதீர்கள். விண்மீனைச் சுற்றி எலெக்ட்ரானும், அதன் நேர்மின் இரட்டையான பாசிட்ரானும் நிறைந்த பிளாஸ்மா, அதாவது மின்துகள் கூட்டம், இருக்கிறது. காந்தப்புலமோ லட்சம் கோடி காஸ் (காந்தப்புல அலகு) அளவில். அதற்குள் அலை ஒன்றுக்கொன்று செங்குத்தாக அதிரும் இரண்டே விதங்களில்தான் போக முடியும். எது வலுவோ அதன் திசை நமக்குத் தெரியும். வலு கைமாறும் இடத்தில் தாவல். இரண்டும் சமமானால் முனைவாக்கமே காணாமல் போகும். பிளாஸ்மா மெலிந்து அலையை விட்டுவிடும் உயரத்தில்தான் திசை உறைகிறது. ஆக, நாம் அளப்பது அலை பிறந்த இடத்துத் திசையை அல்ல, வெளியேறிய வாசலின் திசையை.

பிளாஸ்மாவை விட்டு விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளிக்கு வந்தபின் வேறு கதை. அங்கே எலெக்ட்ரானுக்கு ஈடுகட்டப் பாசிட்ரான் இல்லை. அதனால் அதிர்வுத் திசை, ஒகேனக்கல் பரிசல்போல, சுழன்றுகொண்டே முன்னேறும். சுழலும் அளவு அலைநீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்த வர்க்கத்தோடு பெருக்க வேண்டிய எண்ணைச் சுழற்சி எண் என்கிறோம்; வேலாவுக்கு அது சதுர மீட்டருக்குச் சுமார் 31 ரேடியன் (ஒரு ரேடியன் சுமார் 57 பாகை). 21 செ.மீ. அலை ஏறத்தாழ 80 பாகை திரும்பும்; ஊட்டி ரேடியோ தொலைநோக்கி வாங்கும் 92 செ.மீ. அலையோ நான்கு சுற்றைத் தாண்டிவிடும். அந்த அலைநீளத்தில் 16 மெகாஹெர்ட்ஸ் அகல அதிர்வெண் பட்டையை மொத்தமாகக் கூட்டினால், ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் சுமார் 150 பாகை வித்தியாசம். முனைவாக்கத்தின் பெரும்பகுதி அடித்துக்கொண்டு போய்விடும். பட்டையைச் சிறு அலைவரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் அளவுக்குத் திருப்பிவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.

நம் தலைக்கு மேலுள்ள அயனி மண்டலத்தையும் கழிக்க வேண்டும். அது சுழற்சி எண்ணில் சதுர மீட்டருக்கு 1 ரேடியன் கூட்டினாலே 92 செ.மீ. அலையில் 48 பாகை பிசகும். பகலில் எடுத்த அளவையும் நள்ளிரவில் எடுத்த அளவையும் திருத்தாமல் ஒன்றாகச் சேர்த்தால், அந்தப் பிசகு பல்சாரின் கணக்கில் ஏறிவிடும்.