அந்த 'இட்' எங்கே உட்காரும்?

வணக்கம் மக்களே! வழக்கமாக வெள்ளிக்கிழமைதான் வருவேன். இன்று புதன்கிழமையே வந்து உட்கார்ந்ததற்கு இந்த ஃப்ரேசல் வெர்ப் புத்தகம்தான் காரணம். ஃப்ரேசல் வெர்ப் என்றால், ஆங்கில வினைச்சொல்லோடு 'ஆஃப்', 'அப்' மாதிரி ஒரு சின்னச் சொல் சேர்ந்து புது அர்த்தம் தருவது. விலை 450 ரூபாய். கூரியருக்குத் தனியாக 80. ஆக 530 ரூபாய்! உள்ளே என்ன? ஏ முதல் இசட் வரை வெறும் பட்டியல். 'புட் அவுட்' என்றால் அணை, 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள். அவ்வளவுதான். உதாரணத்துக்கு ஒரு வாக்கியம்கூடக் கிடையாது. அட்டை மட்டும் பளபள, லைட் பட்டுக் கண் கூசுகிறது பாருங்கள். 530 ரூபாய்!

பட்டியலை மனப்பாடம் செய்வது எனக்கு ஆகவே ஆகாது, உங்களுக்கே தெரியும். அர்த்தத்தையாவது குத்துமதிப்பாகப் பிடித்துவிடலாம். பேசும்போது காலை வாருவது 'அது' என்று சொல்ல வருகிற இந்த 'இட்' தான். 'டர்ன் ஆஃப் த ஃபேன்' சரி, 'டர்ன் த ஃபேன் ஆஃப்' என்பதும் சரி. ஆனால் 'இட்' போட்டால் நடுவில்தான் போட வேண்டும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' தப்பு. 'லுக் ஆஃப்டர்', அதாவது கவனித்துக்கொள், அப்படியே தலைகீழ், அதைப் பிரிக்கவே முடியாது: 'லுக் ஆஃப்டர் ஹிம்'. 530 ரூபாய் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை!

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வெளிநாட்டவரை மிகவும் படுத்துவது இந்த வகைதான் என்று எழுதிவிட்டார். நமக்கு இது ஒன்றும் புதிது இல்லை. 'வந்தான்', 'வந்துவிட்டான்', 'வந்து தொலைந்தான்' மூன்றும் ஒன்றா? கடைசியில் தொலைந்தது எதுவும் இல்லை, நம் எரிச்சல்தான் அங்கே இருக்கிறது. 'ஈட் அப்', 'யூஸ் அப்' இரண்டிலும் 'அப்' மேலே எங்கும் போகவில்லை. 'சாப்பிட்டுவிடு' என்பதில் வருகிற நம்ம 'விடு' மாதிரிதான், முழுசாக முடி என்று அர்த்தம்.

ஆங், புத்தகத்தில் ஒன்றைக் காட்ட மறந்தே போனேன். 'கால் ஆஃப்', 'புட் ஆஃப்' இரண்டுக்கும் 'தள்ளிப்போடு' என்றே போட்டிருக்கிறார்கள்! மேட்சை 'புட் ஆஃப்' செய்தால் இன்னொரு நாள் நடக்கும். 'கால் ஆஃப்' என்றால் ரத்து, நடையைக் கட்ட வேண்டியதுதான்.

அப்புறம், படிப்பை முடித்ததை 'பாஸ் அவுட்' என்று சொல்லலாமா என்று போன வீடியோவில் கேட்டிருந்தீர்கள். ராணுவப் பயிற்சி முடிப்பதற்கு அது சரியான சொல்தான். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையத்தில் நடப்பதும் 'பாஸிங் அவுட் பரேடு' தானே. காலேஜ் படிப்புக்கு அதைச் சொல்வது நம் ஊர்ப் பழக்கம். வெளிநாட்டு கம்பெனி இன்டர்வியூவில் 'ஐ பாஸ்டு அவுட் இன் 2019' என்று ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் 2019இல் நீங்கள் எங்கே மயங்கி விழுந்தீர்கள் என்று யோசிப்பார். 'கிராஜுவேட்டட்' என்று சொல்லுங்கள், போதும்.