அடுத்தது ஏன் நடக்கிறது?

நேயர்களுக்கு என் வணக்கம். சிறுகதை எழுதத் தொடங்கியிருப்பவர்களுக்குக் கதைப்பின்னல் பற்றிப் பயன்படும்படியாகச் சில சொல்லுமாறு சென்னை வானொலி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். புதியவர்களின் கையெழுத்துப் படிகளைத் தொடர்ந்து படித்து வருகிறவன் என்ற முறையில், ஒரே ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு பேச விரும்புகிறேன். கதையில் நடப்பவை கதைமாந்தர் எடுக்கும் முடிவுகளிலிருந்து பிறக்க வேண்டும். நல்ல மொழிவளமும் வருணனைத் திறனும் உள்ளவர்களின் கதைகள்கூட நடுவழியில் தளர்ந்துபோகின்றன என்றால், அவற்றில் சம்பவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றனவே தவிர, ஒன்றினால் மற்றொன்று விளைவதில்லை.

சென்னையில் எழுதுகிறவர்களிடமிருந்து மழைவெள்ளக் கதைகள் நிறைய வருகின்றன. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு, பெருமழையோடு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்பட்ட நீரும் சேர்ந்து, அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளுக்குள் புகுந்ததை இந்த நகரம் மறக்கவில்லை. அதை எழுதத் தோன்றுவது இயல்புதான். ஆனால் பெரும்பாலான கதைகளில் தண்ணீர் ஏறுகிறது, மொட்டைமாடியில் தவிக்கிறார்கள், படகு வருகிறது, பிழைத்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் வெள்ளமே செய்துவிடுவதால் மனிதர்களுக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விடுகிறது.

இதையே வேறு விதமாகத் தொடங்கிப் பார்ப்போம். சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டிய தெருவில் கஸ்தூரி என்று ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வருவதற்கு முன்னால் அவளுக்கு என்ன வேண்டியிருந்தது என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. ஏற்றுமதித் துணி கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே தைத்துப் பிழைக்க வேண்டும் என்று தவணையில் ஒரு தையல் மிஷின் வாங்கியிருக்கிறாள். தவணை இன்னும் முடியவில்லை. அடுத்த வீட்டு முனியம்மா, ஒரு சாவுக்காக ஊருக்குப் போகும்போது, தன் நகைகளின் அடகுச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கஸ்தூரியிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். நள்ளிரவில் தண்ணீர் வாசற்படியைத் தாண்டுகிறது.

இந்த இடத்தில் கூர்மையான வாசகர் ஒரு கேள்வி கேட்பார். டப்பா கைக்கு அடக்கமானதுதானே, இரண்டையும் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போக வேண்டியதுதானே என்பார். அவர் கேட்பது நியாயம். ஆகவே டப்பாவைக் கஸ்தூரி வீட்டில் வைக்காமல், முனியம்மாவின் வீட்டு அலமாரியின் அடித்தட்டிலேயே இருக்கச் செய்து, வீட்டுச் சாவியை மட்டும் கஸ்தூரியிடம் கொடுக்க வைக்கிறேன். இப்போது முழங்கால் தண்ணீரில் அடுத்த வீட்டுப் பூட்டைத் திறக்கப் போவதா, மேசையிலிருந்து மிஷினின் தலைப்பகுதியைக் கழற்றுவதா என்று அவள் தீர்மானித்தே ஆக வேண்டும். இரண்டுக்கும் நேரம் இல்லை. அவள் மிஷினைக் கழற்றுகிறாள். கதைமாந்தர் எளிதாகத் தப்பிக்கக்கூடிய கதவுகளை இப்படி ஒவ்வொன்றாகத் தேடி அடைப்பதில்தான் கதைப்பின்னல் வேலையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. அதற்குப் பொறுமை வேண்டும். எழுதுவதற்கு முன் அதில் செலவிடும் நேரம் ஒருபோதும் வீணாவதில்லை.

வெள்ளம் வடிந்ததும் முனியம்மா திரும்பி வருகிறாள். “எல்லாம் தண்ணியில போயிடுச்சுக்கா” என்கிறாள் கஸ்தூரி. அது பொய் அன்று. ஆனால் துணி காயப்போட மாடிக்குப் போன முனியம்மா, சாக்கு விரித்து எண்ணெய் துடைத்து வைத்திருக்கும் மிஷினைப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்: “ஏன்டி கஸ்தூரி, இத்தாம்பெரிய மிஷினை நீ ஒண்டியாவா மேல ஏத்துனே?” குற்றச்சாட்டு என்று ஒரு சொல்கூட இல்லை, ஆனாலும் கஸ்தூரி இனி ஏதேனும் செய்தாக வேண்டும். அவள் மறைக்கலாம், சண்டை போடலாம், நகையை மீட்கத் தானும் அலைகிறேன் என்று கிளம்பலாம். எதைச் செய்தாலும் அது அந்த இரவில் அவள் எடுத்த முடிவின் தொடர்ச்சியாகவே இருக்கும்.

தற்செயல் நிகழ்ச்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தற்செயலாகச் சிக்கல் வரலாம். தற்செயலாகத் தீர்வு வந்தால் வாசகர் நம்பமாட்டார். டப்பா நனையாமல் சேற்றில் கிடைத்துவிட்டது என்று நான் எழுதினால், அதுவரை கஸ்தூரி பட்ட பாடு அத்தனையும் அர்த்தமிழந்துவிடும். இதற்குச் சிலப்பதிகாரத்தைக் காட்டிலும் சிறந்த பாடம் நம்மிடம் இல்லை. மதுரையில் சிலம்பு விற்கப்போன கோவலன், அரசியின் சிலம்பைத் திருடியிருந்த அதே பொற்கொல்லனிடம் போய்ச் சேர்வது தற்செயல். அதன்பின் நடப்பவற்றில் மனிதர்களின் கை தெரிகிறது. அகப்பட்டுக்கொள்வோம் என்ற அச்சத்தில் பொற்கொல்லன் பழியைத் திருப்புகிறான். அரசன் ஆடல் மகளிரின் ஆட்டத்தில் ஈடுபட்டதால் ஊடல்கொண்ட அரசி, தலைவலி என்று சொல்லி எழுந்து போயிருக்கிறாள். அவளைத் தேற்றப் போகும் அவசரத்தில் இருக்கும் அரசன், விசாரிக்காமலே ஆணையிடுகிறான். அரசியின் சிலம்பில் முத்தும் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் இருப்பதால் உண்மை வெளிப்படுகிறது. ஊழ்வினை என்று இளங்கோவடிகள் சொன்னாலும், அந்த ஊழை அச்சம், ஊடல், அவசரம் ஆகியவற்றின் வழியாகவே நடத்திக் காட்டுகிறார். அந்த ஊடலை எடுத்துவிட்டால் அரசனின் அவசரத்துக்குக் காரணம் இல்லை.

உங்கள் கதையையும் இப்படிச் சோதிக்கலாம். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஒரு வரியில் தனித்தனித் துண்டுத்தாளில் எழுதி மேசைமேல் பரப்புங்கள். ஒன்றை எடுத்துவிட்டுப் பாருங்கள். அடுத்த நிகழ்ச்சி எந்தப் பாதிப்பும் இல்லாமல் நிற்கிறது என்றால், எடுத்த தாள், எவ்வளவு அழகான காட்சியாக இருந்தாலும், கதைக்குத் தேவையற்றது. மனம் வராதுதான், நீக்கியே ஆக வேண்டும்.

உரையாடலுக்கு வானொலி நாடகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பேசுகிறவரின் முகம் நேயருக்குத் தெரியாது. பேச்சைக் கொண்டே ஆளை அடையாளம் காண வேண்டும். கதையிலும் பெயர்களை மறைத்துவிட்டு உரையாடலை உரக்கப் படித்துப் பாருங்கள். முனியம்மாவும் கஸ்தூரியும் ஒரே மாதிரிப் பேசினால், இருவரில் ஒருவரை நீங்கள் இன்னும் சரியாக அறிந்துகொள்ளவில்லை என்று பொருள்.

கடைசியாக, தொடக்கம். முதற்படியை முடித்ததும் சில நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, திரும்ப எடுக்கும்போது முதல் பக்கத்தை நீக்கிப் படியுங்கள். கஸ்தூரியின் கம்பெனி வேலை, தவணை, தெருவின் அமைப்பு ஆகியவற்றை விளக்கிவிட்டுத்தான் கதைக்குள் போக வேண்டும் என்பதில்லை. கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று திருகாணியைக் கழற்றிக்கொண்டிருப்பவளோடு தொடங்கலாம். எத்தனை தவணை பாக்கி என்பது அவள் நினைப்பிலேயே வந்துவிடும். நன்றி, வணக்கம்.